டெய்லி ஷோ: ஸ்டூவர்ட்டின் நாற்காலியை எப்படிக் கைமாற்றினார்கள், எங்கே சறுக்கினார்கள்?

#1 · நடுநிசி_வாசகன்

செய்தி நையாண்டி நிகழ்ச்சியில் தொகுப்பாளர் விலகினால் எல்லாரும் கேட்பது "அடுத்து யார்?" என்பதைத்தான். எப்படி மாற்றுகிறார்கள் என்று யாரும் பேசுவதில்லை. அதற்கு டெய்லி ஷோவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1996 ஜூலை 22 அன்று அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் சேனலில் தொடங்கிய நிகழ்ச்சி, இதுவரை நான்கு விதமாகக் கைமாறியிருக்கிறது. 1999இல் கிரெய்க் கில்போர்னிடமிருந்து ஜான் ஸ்டூவர்ட்டுக்கு. 2015இல் ஸ்டூவர்ட்டிடமிருந்து ட்ரெவர் நோவாவுக்கு. 2022 டிசம்பரில் நோவா போனபோது நாற்காலி காலி. 2024 பிப்ரவரியில் ஸ்டூவர்ட்டே திரும்பினார், ஆனால் திங்கள்கிழமை மட்டும்.

எந்த வழி வேலை செய்தது, ஏன்? "எனக்கு நோவா பிடிக்காது" வகைப் பதிவுகளுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே வேலைமுறையைப் பேசுவோம்.

#2 · கணக்குப்பிள்ளை

முதலில் நாட்களை எண்ணிவிடுவோம், பாதிக் கதை அதிலேயே இருக்கிறது.

கில்போர்னின் கடைசி நிகழ்ச்சி 1998 டிசம்பர் 17. ஸ்டூவர்ட்டின் முதல் நிகழ்ச்சி 1999 ஜனவரி 11. இடைவெளி 25 நாள்.

ஸ்டூவர்ட் விலகலை அறிவித்தது 2015 பிப்ரவரி 10. நோவாவின் பெயர் வந்தது மார்ச் 30, அதாவது 48 நாளில். ஸ்டூவர்ட்டின் கடைசி நாள் ஆகஸ்ட் 6, நோவாவின் முதல் நாள் செப்டம்பர் 28. திரை இருண்டிருந்தது 53 நாள். ஆனால் அறிவிப்பிலிருந்து விடைபெறும் வரை 177 நாள் கையில் இருந்தது.

2022இல் நோவா செப்டம்பர் 29 அன்று அறிவித்தார், டிசம்பர் 8 அன்று போய்விட்டார். 70 நாள்தான். அதற்குள் யாரும் முடிவாகவில்லை. ஸ்டூவர்ட் 2024 பிப்ரவரி 12 அன்று வந்து உட்காரும் வரை ஒரு வருடம் இரண்டு மாதம் நிலையான முகம் கிடையாது.

177 எங்கே, 70 எங்கே! பின்னால் நடந்த குழப்பத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கட்சி.

#3 · மேசைவிளக்கு

கணக்கு சரி, ஆனால் நாள் மட்டும் காரணமில்லை. தொகுப்பாளர் அன்றாடம் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் போனால் என்ன உடைகிறது என்பது புரியும்.

திங்கள் முதல் வியாழன் வரை வாரம் நான்கு நிகழ்ச்சி. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் மிஞ்சும். முதலில் மேசையில் உட்கார்ந்து தலைப்புச் செய்தி, அடுத்து ஒரு நிருபரோடு நடத்தும் பகுதி அல்லது களத்தில் எடுத்து வந்த படத்துண்டு, கடைசியில் விருந்தினர் பேட்டி, முடிவில் 'மொமென்ட் ஆஃப் ஜென்' என்ற சில நொடி கிளிப்.

காலை 9 மணி வாக்கில் எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் கூடி முந்தைய நாளின் கிளிப்களைப் பார்ப்பார்கள். செய்திச் சேனல்களை ஓயாமல் பதிவு செய்து, இன்ன அரசியல்வாதி இன்ன சொல்லைச் சொன்ன இடங்களை மட்டும் பொறுக்கி எடுக்கத் தனி ஆட்கள் உண்டு. முன்பு டிவோ என்ற பதிவுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு வசன வரியை வைத்தே தேடிக்கொடுக்கும் ஸ்நாப்ஸ்ட்ரீம் வந்தது. மதியத்துக்குள் முதல் வரைவுகள், மாலை 4 மணி வாக்கில் ஒத்திகை, 6 மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் பதிவு, இரவு 11க்கு ஒளிபரப்பு.

உயிர்நாடி ஒத்திகைக்கும் பதிவுக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றரை மணி நேரம். ஒத்திகையில் வாயில் ஏறாத வரி, சிரிப்பு வராத வரி, வாதம் நொண்டும் இடம் எல்லாம் அப்போதுதான் திருத்தப்படும். ஸ்டூவர்ட் காலத்தில் அந்தத் திருத்தத்தின் தலைமகன் அவரேதான். ஆகவே அவர் போனபோது காலியானவை இரண்டு இடங்கள்: திரையில் ஒரு முகம், உள்ளே ஒரு கடைசி எடிட்டர். முகத்தைத் தேடுகிறவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

2015இல் மறக்கவில்லை. ஸ்டீவ் போடோ, ஜென் ஃப்ளான்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் அப்படியே தொடர்ந்தார்கள், எழுத்தாளர் குழுவில் பெரும்பாலோரும் இருந்தார்கள். புது மருமகள் வந்தாள், அடுப்படி மாறவில்லை. முதல் நாளே நிகழ்ச்சி தடுமாறாமல் ஓடியதற்குக் காரணம் அதுதான்.

#4 · பழைய_கேசட்

எல்லாரும் ஸ்டூவர்ட்டை முதல்வர் மாதிரியே பேசுகிறீர்கள். அவரே மாற்று ஆள்தானே ஐயா!

கில்போர்ன் காலத்து நிகழ்ச்சி வேறு ரகம். விளையாட்டுச் செய்தி வாசிக்கும் தோரணை, பிரபலங்களைக் கிண்டலடிப்பது, கடைசியில் விருந்தினரிடம் 'ஃபைவ் கொஸ்டியன்ஸ்'. அவர் சிபிஎஸ் சேனலின் லேட் லேட் ஷோவுக்குப் போனபோது அந்த ஐந்து கேள்விப் பகுதியையும் கையோடு கொண்டுபோனார். நிகழ்ச்சியை உருவாக்கிய இருவரில் லிஸ் வின்ஸ்டெட் அதற்கு முன்பே விலகியிருந்தார், மேடலின் ஸ்மித்பெர்க் இருந்தார். ஸ்டூவர்ட் வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. அரசியலையும் ஊடகத்தையும் மையமாக்க அவர் விரும்பியபோது, பழைய எழுத்தாளர்கள் பலருக்கு அது ஒத்துவரவில்லை. 1999இல் ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகையிலிருந்து பென் கார்லின் தலைமை எழுத்தாளராக வந்த பிறகே குழுவின் காற்று திசை மாறியது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலும் ஃபுளோரிடா மறு வாக்கு எண்ணிக்கையும் வந்து சேர்ந்தன, அந்தத் தேர்தல் தொகுப்புக்குப் பீபாடி விருது கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. நோவாவுக்கு மட்டும் இரண்டே வாரத்தில் தீர்ப்பு எழுதினார்கள்.

#5 · வரிவரியாக

பழைய_கேசட் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டூவர்ட் குழுவைத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றினார். நோவா முதல் வருடத்தில் குழுவின் பேனாவுக்கு ஏற்பத் தன் வாயை மாற்றப் பார்த்தார். புதிய மொந்தையில் பழைய கள்.

ஸ்டூவர்ட்டின் தலைப்புச் செய்தி எப்படிக் கட்டப்படும் என்று பாருங்கள். ஒரு கிளிப் ஓடும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கேமராவைப் பார்ப்பார், கண்ணைத் தேய்ப்பார், பேனாவைச் சுழற்றுவார். அரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகு தாழ்ந்த குரலில் ஒரு வரி. அடுத்த கிளிப் முதல் கிளிப்புக்கு நேர் எதிர். அப்போது குரல் வெடிக்கும். இந்தக் கட்டுமானத்தில் பாதி நகைச்சுவை எழுதப்படவே இல்லை, முகத்தில் இருக்கிறது.

நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 நிமிடப் பகுதியில் கிளிப்புக்கு 2 நிமிடம், சிரிப்புக்கும் மௌனத்துக்கும் 1 நிமிடம் கழித்தால் 5 நிமிடப் பேச்சு, அதாவது 750 சொல். அந்த 1 நிமிட மௌனத்தை முகத்தால் நிரப்பத் தெரியாதவர் கையில் அதே ஸ்கிரிப்டைக் கொடுத்தால் அது ஓட்டையாகத் தெரியும். அதை மறைக்க அவர் வேகமாகப் படிப்பார். வேகமாகப் படித்தால் சிரிப்பு பேச்சின் மேல் விழும், அடுத்த வரியின் தொடக்கம் காதில் விழாது. புது ஆள் "சரியில்லை" என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நோவாவின் பலம் வேறு. கதை சொல்வது, ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவது, வெளியிலிருந்து வந்தவனின் நிதானம். முதல் வாரத்திலேயே ட்ரம்பை ஆப்பிரிக்க அதிபர்களோடு பொருத்தி ஒரு பகுதி செய்தார். உகாண்டாவின் இடி அமீன் சொன்னதையும் ட்ரம்ப் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்த அந்த வாதத்தை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் சொன்னதால்தான் அத்தனை கனம். அந்த மாதிரி நாலு பகுதி முதல் மாதத்திலேயே வந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

#6 · தெற்குச்சாளரம்

ஒரு சந்தேகம். 2013இல் ஸ்டூவர்ட் படம் இயக்கப் போனபோது நிருபர் ஜான் ஆலிவர் நன்றாகத்தானே ஓட்டினார்? அவரையே உட்கார வைத்திருக்கலாமே?

#7 · கணக்குப்பிள்ளை

வைத்திருக்கலாம், ஆனால் ஆள் கையில் இல்லை. ஆலிவர் 2013 ஜூன் 10 தொடங்கி எட்டு வாரம் நடத்தினார். யாருமே எதிர்பார்க்காத வெற்றி. அதைப் பார்த்த எச்பிஓ சேனல் அவரை அழைத்துக்கொண்டது, 2014 ஏப்ரல் 27 அன்று லாஸ்ட் வீக் டுநைட் தொடங்கிவிட்டது. ஸ்டூவர்ட் விலகலை அறிவித்தது அதற்குப் பத்து மாதம் கழித்து.

இதில் சேனல்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பதிலாளை நீண்ட நாள் உட்கார வைத்துச் சோதிப்பதுதான் சிறந்த தேர்வு. ஆனால் நன்றாகச் செய்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், போட்டிக் கடைக்காரன் முன்பணத்தோடு வந்து நிற்பான். உடனே ஒப்பந்தம் போடாவிட்டால், சோதனைச் செலவு நமது, பலன் அவனுடையது.

முன்னாள் நிருபர் ஸ்டீபன் கோல்பேரும் அப்படித்தான். அவர் நடத்திய கோல்பேர் ரிப்போர்ட் 2014 டிசம்பர் 18 அன்று முடிந்தது, அவர் சிபிஎஸ்ஸின் லேட் ஷோவுக்குப் போனார். நிருபர் சமந்தா பீயும் 2015இல் விலகி, அடுத்த வருடம் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். வாரிசு என்று சொல்லத்தக்கவர்கள் எல்லாரும் வாரிசுரிமை வருவதற்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

#8 · மேசைவிளக்கு

டெய்லி ஷோவுக்கு அடுத்த 11.30 மணி இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோல்பேர் போன இடத்துக்கு 2015 ஜனவரி 19 அன்று லாரி வில்மோரின் நைட்லி ஷோ வந்தது. அது கால் ஊன்றுவதற்கு முன்பே 11 மணிக்கும் ஆள் மாறினார். ஒன்பது மாதத்துக்குள் அடுத்தடுத்த இரண்டு மேசையிலும் புது முகம். பக்கத்து வீட்டுத் தூணில் சாய்ந்து நிற்கலாம் என்று வில்மோர் வந்தார், அந்தத் தூணையே பிடுங்கிவிட்டார்கள். 2016 ஆகஸ்டில், அதிபர் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவர் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அரசியல் நையாண்டிக்கு அறுவடைக் காலம் அது!

#9 · கரிக்கோல்

ட்விட்டர் விஷயத்தை யாரும் எழுதவில்லையே. மார்ச் 30 அன்று நோவாவின் பெயர் வந்தது. ஒரே நாளுக்குள் அவருடைய பழைய பதிவுகளை, பெண்களையும் யூதர்களையும் பற்றிய மட்டமான நகைச்சுவைகளை, தோண்டி எடுத்துவிட்டார்கள். அமெரிக்கப் பார்வையாளருக்கு அவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அதுவரை டெய்லி ஷோவில் அவர் தோன்றியதே மூன்று முறைதான், அதுவும் 2014 டிசம்பருக்குப் பிறகு. ஆளைத் தெரியாத இடத்தில் அந்தப் பதிவுகளே முதல் அறிமுகம் ஆகிவிட்டன. சேனல் உடனே அவர் பக்கம் நின்றது, அது சரியான செயல்.

அறிவிப்புக்கு முன் செய்ய வேண்டியது சிக்கலான வேலையில்லை. அவர் பொதுவில் எழுதியது, மேடையில் பேசியது எல்லாவற்றையும் இரண்டு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எதை அழித்தாலும் யாரிடமாவது நகல் இருக்கும், ஆகவே அழிப்பது தீர்வில்லை. எதைப் பற்றிக் கேள்வி வரும், என்ன பதில் என்பது அறிவிப்பு நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதோடு, பெயரை வெளியிடுவதற்கு முன் ஆறு மாதமாவது நிருபராகத் திரையில் பழக்கியிருக்க வேண்டும்.

#10 · நடுநிசி_வாசகன்

சரி, 2023க்கு வருவோம். ஜனவரி 17 அன்று லெஸ்லி ஜோன்ஸில் தொடங்கி வாரம் ஒரு விருந்தினர் தொகுப்பாளர். வாண்டா சைக்ஸ், டி.எல். ஹியூலி, செல்சி ஹேண்ட்லர், சாரா சில்வர்மன், ஹசன் மின்ஹாஜ், கால் பென், அல் ஃப்ராங்கன் என்று பெரிய பட்டியல். பார்க்க ஜாலியாகத்தான் இருந்தது. அது நல்ல தேர்வுமுறையா?

#11 · வரிவரியாக

இல்லவே இல்லை. விருந்தினர் நடத்தும் வாரம் என்பது நாலு நாள். திங்கள் அன்று எழுத்தாளர்கள் அவர் குரலை ஊகித்து எழுதுகிறார்கள். செவ்வாய் ஒத்திகையில் எது பொருந்தவில்லை என்று தெரிகிறது. புதன் அன்று ஓரளவு பிடிபடுகிறது. வியாழன் அன்று அருமையான நிகழ்ச்சி. வெள்ளி அவர் போய்விடுவார், அடுத்த திங்கள் மறுபடி அ, ஆ. அந்த நாலு நாளில் அளக்கப்படுவது "இவர் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பாரா" என்பது. தேட வேண்டியதோ வருடத்துக்கு 150 இரவுக்கு மேல் உட்கார்ந்து, ஆறிப்போன செய்தியையும் சூடாக்கத் தெரிந்த ஆளை.

இன்னொன்று, பகிரங்கத் தேர்வு என்றால் தோற்பவரும் பகிரங்கமாகத் தோற்கிறார். ராய் வுட் ஜூனியர் எட்டு வருடம் நிருபராக இருந்தவர், ஒரு வாரம் நடத்தியும் காட்டினார். இழுத்தடித்தார்கள். 2023 அக்டோபரில் அவர் விலகிவிட்டார். நடுவில் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம், ஐந்து மாதம் அதில் போயிற்று. முன்னணியில் இருந்ததாகப் பேசப்பட்ட மின்ஹாஜ் மேடையில் சொன்ன தன்வாழ்க்கைக் கதைகளின் உண்மை பற்றி நியூயார்க்கர் இதழ் செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர் விரிவாக மறுப்புச் சொன்னார், ஆனாலும் வாய்ப்பு போய்விட்டது. ஒரே குதிரை மேல் பணம் கட்டி, மாற்றுக் குதிரையையும் கொட்டிலை விட்டு ஓடவிட்டால் இப்படித்தான்.

#12 · பழைய_கேசட்

சுழற்சி முறையே தவறு என்று சொல்லாதீர்கள். பிபிசியின் செய்தி வினாடி வினா நிகழ்ச்சியான ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ 2002இலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. 1990 முதல் நடத்திய ஆங்கஸ் டெய்ட்டனை 2002 அக்டோபரில் விலக்கினார்கள். உடனடியாக இரண்டு அணித் தலைவர்களில் ஒருவரான பால் மெர்ட்டனே நாற்காலியில் உட்கார்ந்து, டெய்ட்டனை வைத்தே கிண்டல் செய்து அந்த வாரத்தை ஒப்பேற்றினார். அதன் பிறகு நிரந்தர ஆளே இல்லை. வாரம் ஒருவர், இருபது வருடத்துக்கு மேல்.

#13 · மேசைவிளக்கு

அது பொருந்தாது அண்ணே. அங்கே நிலையான அச்சு தொகுப்பாளர் கிடையாது, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் இயன் ஹிஸ்லாப்பும் மெர்ட்டனும்தான். நடுவில் இருப்பவர் டெலிபிராம்ப்டரில் கேள்வியைப் படிக்கிறார். தடுமாறினாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவே தீனி. ஒரு அரசியல்வாதி வந்து சொதப்பினால் அந்த வாரம் இன்னும் சுவை. போதாததற்கு வாரம் ஒரே நிகழ்ச்சி. டெய்லி ஷோவில் தொகுப்பாளர் தனியாள், தடுமாறினால் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த பிபிசி வடிவத்தை சிஎன்என் 2024 செப்டம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது தொகுப்பாளராக உட்கார்ந்தவர் ராய் வுட் ஜூனியர்தான். ஒரு சேனல் இழுத்தடித்த ஆளை இன்னொரு சேனல் ஒரு வருடத்துக்குள் நிரந்தரமாக உட்கார வைத்தது.

#14 · தெற்குச்சாளரம்

அப்படியென்றால் இப்போதும் செவ்வாய் முதல் வியாழன் வரை சுழற்சிதானே? அது மட்டும் எப்படி ஓடுகிறது?

#15 · கணக்குப்பிள்ளை

சுழல்வது வெளியாட்கள் இல்லை என்பதால். டெசி லைடிக், ரானி சியெங், ஜோர்டன் கிளெப்பர், மைக்கேல் கோஸ்டா ஆகிய நால்வரும் அந்தக் கட்டடத்திலேயே வருடக்கணக்காக வேலை செய்பவர்கள். பின்னால் ஜோஷ் ஜான்சனும் அந்த வரிசையில் சேர்ந்தார். லைடிக்கின் போலிக் குதூகலமும் சியெங்கின் எரிச்சலும் எழுத்தாளர்களுக்கு மனப்பாடம். செவ்வாய் காலையில் ஊகிக்க வேண்டியதில்லை. ஒருவர் நடத்தும் வாரத்தில் மற்றவர்கள் நிருபராக வந்து பேசுவதால் பார்ப்பவருக்கும் வீடு மாறிய உணர்வு வராது. 2023இல் முதலிலேயே இதைச் செய்திருந்தால் வுட்டும் இருந்திருப்பார்.

திங்கள்கிழமையைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. வியாழன் இரவுக்குப் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் செய்தி சேர்ந்திருக்கும். வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் ஆள் நீண்ட வாதமாகக் கட்டிக்கொண்டு வர அதுதான் வசதியான நாள். பாதகம், பெரிய செய்தி செவ்வாய், புதனில் வெடித்தால் எல்லாரும் கேட்கும் ஆள் அங்கே இருக்க மாட்டார். அதனால் நாளை வளைக்கிறார்கள். 2024 ஜூலை 13 அன்று ட்ரம்ப் மீது துப்பாக்கிச்சூடு நடந்ததும், குடியரசுக் கட்சி மாநாட்டுக்காக மில்வாக்கியில் நடத்தவிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். திங்கள் நிகழ்ச்சியும் இல்லை, ஸ்டூவர்ட் செவ்வாய் அன்று நியூயார்க்கிலிருந்தே வந்தார். நவம்பர் தேர்தல் இரவும் செவ்வாய்தான், நேரலை. 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் இரவு நிகழ்ச்சியை ஏபிசி சேனல் நிறுத்திவைத்த மறுநாள் வியாழன், அன்றும் ஸ்டூவர்ட்.

#16 · கரிக்கோல்

நோவாவின் ஏழு வருடத்தை ஏதோ இடைவேளை மாதிரி எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். அவர் செய்த இரண்டு காரியங்கள் இன்னும் பாடம்.

ஒன்று, 'பிட்வீன் தி சீன்ஸ்'. விளம்பர இடைவேளையில் அரங்கில் இருப்பவர்களோடு அவர் சும்மா பேசிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். ஸ்கிரிப்ட் கிடையாது, கிளிப் கிடையாது, மேசைக்குப் பின்னால் உட்காரும் விறைப்பும் கிடையாது. தலைப்புச் செய்தியில் தேடிக் கிடைக்காத நோவா அங்கேதான் இருந்தார். 2017இல் அதற்குத் தனியாக எம்மி விருதே கிடைத்தது. புது ஆளின் சொந்தக் குரல் எது என்று தெரியாமல் திணறும் குழுவுக்கு இதைவிட மலிவான கருவி இல்லை: ஸ்கிரிப்ட் ஓய்ந்த நேரத்தில் கேமராவை அணைக்காதீர்கள், பிறகு அதைப் பார்த்து அந்த நடைக்கு எழுதுங்கள்.

இரண்டு, 2020 மார்ச். அரங்கம் மூடியதும் தன் வீட்டிலிருந்தே நடத்தினார், ஏப்ரல் கடைசியில் நிகழ்ச்சியை 45 நிமிடமாக நீட்டினார்கள். சிரிப்பொலி இல்லை. வரி எண் 5இல் சொன்ன அந்த மௌனக் கணக்கே இல்லாத நிகழ்ச்சி. கதை சொல்லத் தெரிந்த ஆள் என்பதால்தான் தாக்குப்பிடித்தது.

அவர் காலத்து நிகழ்ச்சிக்கு, சிறந்த பேச்சு நிகழ்ச்சி என்ற எம்மி 2024 ஜனவரி 15 அன்று கொடுக்கப்பட்டது. அவர் நாற்காலியை விட்டு இறங்கி 13 மாதம் ஆகியிருந்தது.

#17 · பழைய_கேசட்

முகப்பு இசையைச் சொல்லவில்லையே! பாப் மோல்ட் எழுதிய அதே 'டாக் ஆன் ஃபயர்' மெட்டை வைத்துக்கொண்டு, நோவாவுக்காக இசைத் தயாரிப்பாளர் டிம்பலேண்டைக் கொண்டு புதிதாக அடித்தார்கள். மெட்டு பழசு, தாளம் புதுசு. அளவு தெரிந்து செய்த மாற்றம். கில்போர்ன் காலத்திலிருந்து இன்றுவரை கை படாமல் இருப்பது 'மொமென்ட் ஆஃப் ஜென்' மட்டும்தான். அதில் தொகுப்பாளர் வாயே திறப்பதில்லை, யார் போனாலும் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

#18 · வரிவரியாக

கரிக்கோல், "வரி எண் 5" இல்லை, பதிவு எண் 5 😄 மற்றபடி ஒப்புக்கொள்கிறேன்.

#19 · நடுநிசி_வாசகன்

ஸ்டூவர்ட்டின் ஒப்பந்தத்தை 2026 டிசம்பர் வரை நீட்டியிருக்கிறார்கள். மறுபடி அதே கேள்விக்குத்தானே வந்து நிற்போம்? இப்போதே என்ன செய்யலாம்?

#20 · மேசைவிளக்கு

திங்கள்கிழமைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்ற வேண்டும். இப்போது அவர் விடுப்பில் இருந்தால் மட்டும் திங்கள் வேறொருவருக்குப் போகிறது. அதை மாதம் ஒரு திங்கள் என்று நிலையாக வைத்து, ஐவரில் இருவரை மட்டும் மாறி மாறி உட்கார வைக்கலாம். செவ்வாய் நடத்துவதும் திங்கள் நடத்துவதும் ஒன்றல்ல. திங்கள் அன்று பார்ப்பவர் ஸ்டூவர்ட்டை எதிர்பார்த்து வந்தவர், அந்த ஏமாற்றத்தைத் தாண்டிச் சிரிக்க வைக்கத் தெரிகிறதா என்பதே உண்மையான சோதனை. அதோடு அந்த நாட்களில் 4 மணி ஒத்திகைக்குப் பிறகான திருத்த அறையில் ஸ்டூவர்ட் இருக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து 11 மணிக்குப் பார்க்கட்டும்.